கலெக்டரின் தொட்டித் தண்ணீர்

எங்கள் டி பிளாக்கில் முப்பத்திரண்டு வீடு, ஒரு அடிபம்பு, ஒரு பாதாம் மரம், அப்புறம் இரண்டாவது மாடியில் குணாளன் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் ஓர் ஆமை. அந்தத் தொட்டித் தண்ணீர் மனுஷர்களின் துக்கத்தை வாங்கிக்கொள்ளும் என்று தெரிந்தபோது நாங்கள் யாரும் வாயைப் பிளக்கவில்லை. அம்பத்தூரில் இருபது வருஷமாகக் குடியிருக்கிறவர்கள் நாங்கள். சித்திரையில் குழாயில் தண்ணீர் வந்தால் அதைத்தான் அதிசயம் என்று ஒரு வாரம் பேசிக்கொள்வோம். ஆமைத் தொட்டி துக்கத்தை வாங்கிக்கொண்டால் நல்லதுதானே, யாராவது ஒருவர் வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே என்று இருந்துவிட்டோம்.

நான் எதிர் வீடு. என் வாசலில் நின்றால் அவர்கள் கூடம் முழுசாகத் தெரியும், அதனால் எனக்குத் தெரியாமல் அங்கே ஒன்றும் நடந்ததில்லை. ஆமையை வாங்கியது குணாளனின் மகள் யாழினி. பதிமூன்றாவது பிறந்தநாளுக்குப் பட்டுப்பாவாடை வேண்டாம், ஆமைதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்று, கொளத்தூர் மீன் கடைத் தெருவுக்கு அப்பாவை இழுத்துக்கொண்டு போய், கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு போட்ட, உள்ளங்கைக்குள் அடங்குகிற குட்டி ஒன்றை வாங்கி வந்தாள். தலையை நீட்டி எல்லாரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் உள்ளே இழுத்துக்கொள்வதால் அதற்குக் கலெக்டர் என்று பெயர் வைத்தவளும் அவள்தான்.

வாங்குவது மகள், தண்ணீர் மாற்றுவது அப்பன் என்று ஆயிற்று. எந்த வீட்டில்தான் வேறு மாதிரி நடக்கிறது. குணாளன் மோட்டார் பம்பு செய்கிற கம்பெனி ஒன்றில் ஃபிட்டர், எதையும் சும்மா செய்யத் தெரியாதவன். ஞாயிற்றுக்கிழமை காலையில் தொட்டியில் கால் பங்குத் தண்ணீரை மட்டும் டியூப் வைத்து உறிஞ்சி எடுப்பான், ஒரேயடியாக எல்லாவற்றையும் மாற்றினால் ஆமைக்கு ஆகாது என்பான். ஃபில்டர் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் காட்டவே மாட்டான், எடுத்த பழைய தண்ணீரிலேயே அலசிப் பிழிவான். கூழாங்கல்லுக்கு அடியில் டியூபை விட்டுக் கசடை இழுப்பான். ஆமைக்குத் தீனியைத் தொட்டியில் போடாமல் தனியாக ஒரு பேசினில் விட்டுக் கொடுப்பான், சாப்பிட்ட பிறகு பழைய டூத் பிரஷ்ஷால் ஓட்டைத் தேய்த்துத்தான் திரும்ப உள்ளே விடுவான். தண்ணீர் அப்படியொரு தெளிவாக இருக்கும். ஆமை காற்றில் மிதக்கிறதோ என்று நானே ஏமாந்திருக்கிறேன்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கிறது, அது ஆமையின் கண்ணுக்குக் கெடுதல் என்று, தண்ணீரை முன்கூட்டியே பிடித்து பால்கனியில் நான்கு பக்கெட் வரிசையாக வைத்திருப்பான். மூடி வையுங்கள் என்று அவன் மனைவி தாட்சாயணி சொல்லுவாள். மூடினால் வாடை எப்படிப் போகும், காற்றுப் படட்டும் என்பான் அவன். ஐப்பசி அடைமழையில் நாலாவது பக்கெட் துணி மூட்டைக்குப் பின்னால் பத்து நாள் மறந்து கிடந்தது. யாழினிக்குக் காய்ச்சல் வந்தது, மூன்றாம் நாள் டெங்கு என்றார்கள், ஆறாம் நாள் குழந்தையை வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். அதற்கு மறுநாள் கொசு மருந்து அடிக்க வந்த பெண் வீடு வீடாகப் பார்த்துக்கொண்டே வந்து, குணாளன் வீட்டு பால்கனியில் குனிந்து டார்ச் அடித்து, அந்த நாலாவது பக்கெட்டில் நெளிகிற புழுக்களைக் காட்டினாள். நல்ல தண்ணீரில்தாம்மா இந்தக் கொசு முட்டை போடும், சாக்கடையில போடாது என்று பாடம் மாதிரி சொல்லிவிட்டுப் போனாள். அந்த வீட்டில் என்ன நடந்தது என்று பாவம் அவளுக்குத் தெரியாது.

தாட்சாயணி புருஷனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். சாப்பாடு இருக்கு, கதவைச் சாத்துங்க, இந்த இரண்டு வாக்கியம்தான் அதற்குப் பிறகு அந்த வீட்டில் புழங்கின. அவன் ஆமைக்குத் தண்ணீர் மாற்றுவதை நிறுத்தவில்லை, ஏனென்றால் ஆமை மகளுடையது. பக்கெட்டுகளை மட்டும் பழைய வேட்டித் துணியால் மூடிக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டினான், ஒவ்வொன்றுக்கும் மூன்று முடிச்சு.

காரியம் முடிந்து உறவுக்காரர்கள் ஊருக்குப் போன அன்று மத்தியானம் ரசம் எடுத்துக்கொண்டு போனேன். தாட்சாயணி தொட்டி முன்னால் தரையில் உட்கார்ந்து கண்ணாடியோடு வாயை வைத்து என்னமோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் சொல்லச் சொல்லத் தண்ணீர் அரிசி களைந்த மாதிரி வெளுத்தது. சொல்லி முடித்து நிமிர்ந்தவள், ஒன்பது நாளாகப் பருக்கை தொடாதவள், "அக்கா, ரசத்துக்குத் தொட்டுக்க ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டாள். நான் ஓடிப் போய் அப்பளம் பொரித்து வந்தேன்.

அடுத்த வாரம் இன்னொன்று சொன்னாள், அதற்கடுத்த வாரம் மற்றொன்று. எது அப்போதைக்கு அதிகம் வலித்ததோ அதை முதலில் சொன்னாள் என்று நினைக்கிறேன். மகளின் சிரிப்பு, அம்மா என்று கூப்பிடுகிற விதம், தலை பின்னும்போது கழுத்தில் படுகிற மூச்சு என்று ஒவ்வொன்றாக. குணாளன் ஞாயிறுதோறும் அந்தக் கலங்கலில் கால் பங்கை எடுத்துக் கீழே கொண்டுபோய் பாதாம் மரத்தடியில் ஊற்றினான். பாதாம் மரம் வருஷத்துக்கு இரண்டு முறை இலை உதிர்க்கும். அந்த வருஷம் உதிர்த்துக்கொண்டே இருந்தது.

விஷயம் பிளாக்குக்குத் தெரிய எவ்வளவு நாள் ஆகும்? நானே சொன்னேன். முதலில் மூன்றாவது மாடி ஸ்டெல்லா டீச்சர், அப்புறம் கீழ்வீட்டு லாரி டிரைவர் மாசிலாமணி, அப்புறம் எல்லாரும். கலெக்டர் என்றால் திங்கட்கிழமைதானே மனு வாங்குவார் என்று யாரோ சொல்லப்போக, திங்கட்கிழமையே வழக்கமாகிவிட்டது. செருப்பைப் படியில் விட வேண்டும், கண்ணாடியைத் தட்டக் கூடாது, ஆளுக்கு ஐந்து நிமிஷம். ஒவ்வொரு துக்கத்துக்கும் தண்ணீர் ஒரு நிறம் காட்டியது. அப்பா செத்தது பாசி நிறம், புருஷன் செத்தது டீ நிறம், பிறக்காமலே போன பிள்ளை ஒரு சிவப்பு நூல், அது மட்டும் இரண்டு நாள் கரையாமல் சுற்றிக்கொண்டிருக்கும். மாமியார் மேல் புகாரை எடுத்துக்கொண்டு போன முதல் மாடி ரேவதி ஐந்து நிமிஷக் கணக்கை மீறி முக்கால் மணி நேரம் பேசியும் தண்ணீர் அசையவில்லை. கலெக்டர் மனுவைத் தள்ளுபடி செய்துவிட்டார் என்று அவளை ஒரு மாதம் கேலி செய்தோம்.

வேலை குணாளன் தலையில் விழுந்தது. ஞாயிறுக்கு ஒரு முறை போதாமல் தினமும், கால் பங்கு போதாமல் பாதி என்று ஆனது, அப்படியும் ஆமையின் கண் வீங்கியது, ஓட்டில் வெள்ளை பூத்தது. நாங்களும் சும்மா இருக்கவில்லை, ஆளுக்கொரு குடம் அடித்துக்கொண்டு போய்க் கொடுத்தோம். அவன் எங்கள் குடங்களையும் துணி போட்டு மூடிக் கட்டிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பான். ஒருநாள் கேட்டேன், "ஊரே வந்து சொல்லுது, நீ ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாடா தம்பி?"

"எனக்கு அந்த உரிமை இல்லக்கா" என்றான், தலையைத் தூக்காமல் பஞ்சைப் பிழிந்தபடி.

டி பிளாக் அதுவரை இப்படி நிம்மதியாக இருந்ததில்லை. தூக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நிறுத்தினார்கள். மாசிலாமணி குடியை விட்டான், எதற்காகக் குடித்தேன் என்றே ஞாபகம் இல்லை என்று சிரித்தான். பொங்கலுக்கு வெள்ளையடிக்கக் கழற்றிய, மாலை போட்ட படங்களை யாரும் திரும்ப மாட்டவில்லை, ஆணிகள் மட்டும் சுவரில் நின்றன. நாங்கள் தேறிக்கொண்டு வருகிறோம் என்று நினைத்தோம். அந்த நினைப்பில் எனக்கு இன்றைக்கும் வெட்கம்தான்.

ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை தாட்சாயணி தொட்டி முன்னால் நெடுநேரம் உட்கார்ந்தாள். குணாளன் சமையலறை வாசலில் துணியும் கையுமாக நின்றான். அவள் அன்று சொன்னது தண்ணீரில் கலங்கலாகப் பரவவில்லை. எள் மாதிரி கறுப்பு கறுப்பாக இறங்கி, கூழாங்கல்லுக்கு அடியில் போய்த் தங்கிவிட்டது. அவள் எழுந்தாள், கூந்தலை அள்ளி முடிந்தாள், திரும்பி அவனைப் பார்த்தாள்.

"டீ போடட்டுமாங்க?" என்றாள்.

எட்டு மாதத்தில் அவள் அவனிடம் கேட்ட முதல் கேள்வி. அன்றிலிருந்து அந்த வீட்டில் பேச்சுக் கேட்டது, சிரிப்புக் கேட்டது, அவன் சட்டைக்குப் பட்டன் தைத்தாள், ஞாயிற்றுக்கிழமை மீன் வாசனை என் வீடு வரை வந்தது. பார், ஒரு குடும்பம் பிழைத்துக்கொண்டது என்று நான் சாமிக்கு விளக்கேற்றினேன்.

புரட்டாசி அமாவாசை வந்தது. மகாளய அமாவாசை என்றால் எங்கள் மொட்டை மாடியில் கால் வைக்க இடம் இருக்காது. வருஷா வருஷம் ஒவ்வொரு வீட்டுக்காரரும் இலையைத் தூக்கிக்கொண்டு வந்து கைப்பிடிச் சுவரில் இடம் பிடித்துச் சண்டை போட்டு, கா கா என்று கத்தி, என் அப்பா வடையைத்தான் முதலில் எடுத்தார் என்று பெருமை பேசுவார்கள். அந்த வருஷம் காலையிலேயே காக்காய்கள் வந்துவிட்டன. கைப்பிடிச் சுவரில், தண்ணீர் டேங்கில், கேபிள் ஒயரில், பாதாம் மரத்தின் வெறும் கிளைகளில் வரிசையாக உட்கார்ந்துவிட்டன. ஒருவரும் மாடிக்குப் போகவில்லை. என்ன இன்றைக்கு இத்தனை காக்காய் என்று கேட்டுக்கொண்டே நாங்கள் அவரவர் வேலையைப் பார்த்தோம். பத்து மணிக்கு ஒரு தள்ளுவண்டிக்காரம்மா அகத்திக்கீரையும் வாழைக்காயும் குவித்துக்கொண்டு வந்து கூவினாள், பதினொன்றரை வரை கூவினாள். ஒரு கட்டு விற்கவில்லை.

"இன்னாம்மா இது" என்று அண்ணாந்து பார்த்துச் சத்தம் போட்டாள். "இந்த பிளாக்ல யாருக்கும் அப்பன் ஆத்தா சாவவே இல்லியா?"

நாங்கள் ஜன்னல்களில் நின்றோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். செத்திருக்க வேண்டும் என்று எங்களுக்குப் புரிந்தது, யார் என்றுதான் தெரியவில்லை. நான் உள்ளே போய் ஆல்பத்தை எடுத்தேன். மூன்று படங்களில் என் தோளில் கை போட்டுக்கொண்டு ஒரு பையன் நிற்கிறான், மீசை இப்போதுதான் அரும்புகிறது, மூக்கு என் மூக்கு. நானும் திங்கட்கிழமைகளில் போயிருக்கிறேன். என்ன சொன்னேன் என்று தெரியவில்லை.

எதிர் வீட்டில் குணாளன் பரணிலிருந்து மகளின் படத்தை இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தான். "தாட்சா, பாப்பாவுக்கு ஒரு பிடி சோறு வைக்கணும்."

"எந்தப் பாப்பாவுக்கு?" என்றாள் அவள், ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்து. படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "நான்தாங்க எடுத்து மேல போட்டேன். யார் வீட்டுப் பொண்ணோ, பாவம், மாலையெல்லாம் போட்டு நம்ம வீட்ல மாட்டியிருக்கு. லட்சணமா இருக்கால்ல?"

குணாளன் என் வீட்டுக்கு வந்து, வாசற்படியில் உட்கார்ந்தான். "எனக்கு ஆடி மாசமே தெரியும்க்கா" என்றான். "டீ போடட்டுமான்னு கேட்டப்பவே தெரியும். அவ என்னை மன்னிக்கல, மறந்துட்டா. ஆனா பேசறாளேன்னு விட்டுட்டேன். என் புள்ளைய நானே வாரா வாரம் பக்கெட்டுல தூக்கிட்டுப் போயி மரத்தடியில ஊத்தியிருக்கேன். ஒரு அப்பன் செய்யற வேலையா இது?"

"எல்லாம் போச்சாடா?"

"கல்லுக்கு அடியில இருக்கறத மட்டும் எடுக்கல. எடுக்க மனசு வரல. அது எனக்கு வந்த மனு."

விட்டுவிடு, இருக்கிற சந்தோஷத்தைக் கெடுத்துக்கொள்ளாதே என்று நாக்கின் நுனி வரை வந்தது. கல்லுக்கு அடியில் கிடப்பதைத் தாட்சாயணி கையில் எடுத்துக் கொடுத்தால் அவள் மறுபடி ஊமையாகிவிடுவாள், அவனுக்கு டீயும் இல்லை, பேச்சும் இல்லை. கொடுக்காவிட்டால் தன் வயிற்றில் பிறந்தவளை லட்சணமான யாரோ என்று சொல்லிக்கொண்டே அவள் கிழவியாகிவிடுவாள். அவன் எழுந்து போனான். போகிறபோது கதவைச் சாத்தவில்லை, சாட்சிக்கு நான் இருக்கட்டும் என்று நினைத்தானோ என்னமோ.

ஆமையைத் தூக்கி பேசினில் நல்ல தண்ணீரில் விட்டான். சட்டைக் கையை மடித்து, தொட்டிக்குள் கை விட்டுக் கூழாங்கற்களைக் கிளறினான். அடியில் கிடந்த கறுப்பெல்லாம் எழுந்து தண்ணீர் முழுக்க மை ஆனது. எத்தனை நாள் பாடுபட்டுத் தெளிய வைத்த தண்ணீரை அவனே கலக்கினான்.

"தாட்சா, இதுல கொஞ்சம் கைய விடேன்."

"ஐயே, நாத்தமடிக்குதுங்க. எதுக்கு?"

"விடு. உன்னோட பொருள் ஒண்ணு உள்ள கிடக்கு."

வளையல் ஏதாவது விழுந்துவிட்டது என்று நினைத்தாளோ என்னவோ, சிரித்துக்கொண்டே முழங்கை வரை விட்டாள். சிரிப்பு முதலில் வாயிலிருந்து போயிற்று, அப்புறம் கண்ணிலிருந்து. கையை எடுக்கவில்லை. தண்ணீர் அவள் கையைச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக வெளிற, அவள் முகம் கறுத்துக்கொண்டே வந்தது. பிறகு அவள் அலறிய அலறலில் மொட்டை மாடியில் இருந்த காக்காய்கள் அத்தனையும் ஒன்றாகக் கிளம்பின. முப்பத்திரண்டு வீட்டுக் கதவும் திறந்தது, ஆனால் ஒருவராலும் அவளைக் கட்டிப் பிடித்து அழ முடியவில்லை, எங்களிடம் அழுகை என்று ஒன்று மிச்சம் இல்லை.

"மூடி வையுங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்?" அவன் நெஞ்சில் இரண்டு கையாலும் அடித்தாள். ஈரக் கை, ஒவ்வொரு அடிக்கும் சட்டையில் கறுப்பாகப் பதிந்தது. "சொல்லுங்க, எத்தனை தடவை சொன்னேன்?"

"மூணு தடவை" என்றான் குணாளன்.

"எண்ணி வெச்சிருக்கீங்களா?"

"ஆமா."

அவள் அடித்து ஓயும்வரை அவன் நகரவில்லை. பத்து மாதம் அந்த வீட்டில் பேசாமல் கிடந்த பேச்சு அன்று மத்தியானம் முழுவதும் பேசப்பட்டது, அவன் ஒவ்வொன்றுக்கும் ஆமாம் ஆமாம் என்றான்.

மறுநாளிலிருந்து திங்கட்கிழமை மனு கிடையாது. தொட்டியில் மிச்சமிருந்த கலங்கலில் வேண்டியவர்கள் வந்து கை விடலாம் என்று குணாளன் சொன்னான். பாதிப் பேர் வரவில்லை. மாசிலாமணி கதவைச் சாத்திக்கொண்டான், எதற்குடா வம்பு, நான் குடிக்காமல் இருக்கிறேன் என்றான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஸ்டெல்லா டீச்சர் கை விட்டு, ஒரு பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு, அதை முணுமுணுத்தபடி படியேறிப் போனாள். நானும் விட்டேன். கீழே ஒரு ஸ்கூட்டர் வந்து நிற்கிற சத்தம் கிடைத்தது, அதைக் கேட்டதும் என் வயிற்றில் ஒரு சந்தோஷம் எழுந்தது, அவ்வளவுதான். யார் இறங்கி வருவார்கள் என்பது என்றைக்கோ மரத்தடிக்குப் போய்விட்டிருந்தது. ஆல்பத்தில் நிற்கிற அந்தப் பையன், என் தம்பியாக இருக்க வேண்டும். இப்போதும் ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் எட்டிப் பார்க்கிறேன், வெட்கம் கெட்ட மனசு.

தாட்சாயணி பதினோரு நாள் பேசவில்லை. சாப்பாடு இருக்கு என்பதுகூட இல்லை, தட்டை வைத்துவிட்டுப் போவாள். குணாளன் தொட்டியைக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்பி, கலெக்டரை உள்ளே விட்டு, பழையபடி ஞாயிறுக்குக் கால் பங்கு மாற்றினான். தண்ணீர் தெளிவாகவே இருந்தது, அவ்வளவு தெளிவை அந்த வீட்டில் யாரும் பார்க்க விரும்பவில்லை.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம் அவள் கூடத்தில் வந்து உட்கார்ந்தாள். அவனுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். அவளுக்குத் திரும்பக் கிடைத்தது கல்லுக்கு அடியில் இருந்தது மட்டும்தான்: காய்ச்சல், ஊசி, வெள்ளைத் துணி, பக்கெட். பிள்ளையின் சாவு அவளிடம் முழுசாக இருந்தது, பிள்ளை இல்லை. மற்றதெல்லாம் உலகத்தில் ஒரே ஓர் ஆளிடம்தான் இருந்தது, ஒருநாளும் தொட்டி முன்னால் வாய் திறக்காத ஆளிடம்.

"உங்கள நான் மன்னிக்க மாட்டேன்" என்றாள் சுவரிடம்.

"சரி."

"என்னைக்கும் மாட்டேன்."

"சரி தாட்சா."

நான் என் வாசலில் முறத்தைப் பிடித்தபடி நின்றேன்.

"அவ எப்படிச் சிரிப்பா?" என்று கேட்டாள். "எனக்குத் தெரியல. நீங்கதான் சொல்லணும்."

குணாளன் தரையில் உட்கார்ந்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, நரைத்த மீசையும் கிரீஸ் போகாத நகமுமாக, அந்த நாற்பத்தெட்டு வயது ஃபிட்டர், மூச்சை உள்ளே இழுத்து, மூக்கில் ஒரு சின்னச் சத்தம் கொடுத்து, பதிமூன்று வயதுப் பெண்ணாகச் சிரித்துக் காட்டினான்.

அவள் திரும்பவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

"இன்னொரு தடவை" என்றாள்.